தனி அறையில் சொன்னது

மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத கூட்ட அறை ஒன்று உண்டு. அங்கேதான் மத்தியஸ்தர் ஏழு மாதமாக ஒரே சண்டையைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு ஒரு பக்கம் சாயத் தொழிற்சாலையின் மேலாளரும் பொறியாளரும். மறுபக்கம், தொழிற்சாலைக்குக் கீழே ஓடையோரம் இருக்கும் நூற்றிருபது வீடுகளின் சார்பாக ஒரு தையல்காரி. அவள் பேசினால் வராந்தாவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு ஒலிபெருக்கி என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். "மெதுவாத்தான் பேசுறேன், காது உங்களுக்குக் கூர்மை" என்பாள்.

மத்தியஸ்தரின் வேலை தீர்ப்புச் சொல்வதல்ல. இரு தரப்பையும் பேசவைத்து, அவர்களாகவே ஓர் ஒப்பந்தத்துக்கு வரச்செய்வது. பேச்சு முட்டிக்கொண்டு நின்றால் ஒவ்வொரு தரப்பையும் பக்கத்துத் தனி அறைக்கு அழைத்துப் போவாள். அங்கே கேட்டதை, சொன்னவர் சம்மதம் இல்லாமல் மறுதரப்பிடமோ வெளியாரிடமோ மூச்சுவிடக் கூடாது. முதல் நாளே எல்லோரும் கையெழுத்திட்ட விதி அது. அந்த நம்பிக்கையில்தான் ஆட்கள் வாயைத் திறந்தார்கள். இருபது வருடத்தில் அவள் ஒருமுறைகூட அதை மீறியதில்லை.

ஒரு வியாழக்கிழமை, பத்தாவது அமர்வில், முடிவு கண்ணுக்குத் தெரிந்தது. ஓடையில் சாயநீர் விடுவதை நிறுத்தி ஒரு வருடத்துக்குள் புதிய சுத்திகரிப்புத் தொட்டி கட்டுவதாகத் தொழிற்சாலை ஒப்புக்கொண்டது. திங்களன்று கையெழுத்து. கலையும்போது பொறியாளர் தயங்கி நின்றார்.

"மேடம், ரெண்டு நிமிஷம். தனியா."

தனி அறையில் உட்காராமலே சொன்னார். "கழிவுநீர் தேக்கி வைக்கிற குட்டை இருக்குல்ல, அதோட அடியில விரிச்ச பிளாஸ்டிக் ஷீட் கிழிஞ்சிருக்கு. நாலு மாசமா தண்ணி நிலத்துக்குள்ள இறங்குது. ஓடையோர வீடுங்களோட கிழக்குத் தெரு கிணறுங்க அந்தப் பக்கம்தான்."

அவள் கதவைச் சாத்தினாள். "குடிக்கிற கிணறு சார் அது."

"தெரியும். மேலாளர் வாயத் திறக்கக் கூடாதுன்னுட்டார். யார்கிட்டயாவது இறக்கி வைக்கணும்போல இருந்துச்சு."

"நான் அவங்ககிட்ட சொல்ல சம்மதம் குடுங்க."

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க மேடம். இந்த வேலைய விட்டா வேற கதி இல்ல." அவர் போய்விட்டார். இறக்கி வைத்தவர் லேசாக நடந்துபோனதை அவள் பார்த்தாள்.

விதியில் ஒரு விலக்கு இருந்தது. உயிருக்கு ஆபத்து என்றால், துறை இயக்குநர் கையெழுத்திட்டு அனுமதிக்கலாம். அவள் நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தனி அறையில கேட்டத வெளிய விட்டா, நாளைக்கு எந்தக் கம்பெனிக்காரன் நம்மகிட்ட வருவான்? திங்கட்கிழமை ஒப்பந்தம் ஆகட்டும். அப்புறம் கிணத்தைச் சோதிச்சுக்கலாம்."

"நாலு நாள் சார்."

"நாலு மாசம் குடிச்சவங்கதானே?" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். கோப்பு ஒன்றை இழுத்துவைத்துக் குனிந்துகொண்டார்.

வீட்டில் அவள் தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். பேருந்து ஓட்டுநரான கணவன் எதிரே வந்து அமர்ந்தான். "ஊர்ச் சண்டையெல்லாம் தீத்து வைக்கிற. நம்ம வீட்டு ரிமோட் சண்டைக்கு மட்டும் தேதி தர மாட்டேங்கிற" என்று வம்புக்கு இழுத்தான். அவள் சிரிக்கவில்லை.

"என்னம்மா?"

"சொல்ல முடியாது."

அவனிடமும் சொல்ல முடியாதுதான். சனியும் ஞாயிறும் பொறியாளரை நான்கு முறை அழைத்தாள்; அவர் எடுக்கவில்லை. குழாயைத் திறக்கும்போதெல்லாம் கிழக்குத் தெருவில் யாரோ வாளியை இறக்குவதுபோலத் தோன்றியது. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தாள். கொடுத்தாலும் வாய்க்கட்டு அவிழாது. கையெழுத்து அவளுடையது, நாற்காலியுடையதல்ல.

திங்களன்று அறையில் குளிர்சாதனம் படுத்துவிட்டது. எல்லோருக்கும் வியர்த்தது. ஒப்பந்தத் தாள்களை அவள் மேசையில் அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினாள். ஒலிபெருக்கி அதைக் கவனித்துத் தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"முகம் வெளுத்துக் கிடக்கு. குடிங்கம்மா. எங்க கிணத்துத் தண்ணிதான்."

அவள் டம்ளரை வாங்கினாள். உதடு வரை கொண்டுபோனாள். பொறியாளர் தரையைப் பார்த்தார். அவள் டம்ளரை மேசையில் வைத்தாள்.

"ஏம்மா, குடிக்கல?"

தாகமில்லை என்று ஒரு சொல் போதும். அது நாக்கில் வந்து நின்றது, வெளியே வரவில்லை. ஒலிபெருக்கி அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு பொறியாளரின் குனிந்த தலையைப் பார்த்தாள். ஏழு மாதத்தில் முதல்முறையாக அவள் குரல் தாழ்ந்தது.

"எங்க கிணத்துல என்ன இருக்கு?"

ஒலிபெருக்கி பேனாவை மூடினாள். "கிணத்தைச் சோதிக்காம நான் எதுலயும் கை வைக்க மாட்டேன்." அன்று மாலையே தனியார் ஆய்வகத்துக்குத் தண்ணீர் போனது. வாரக் கடைசியில் கிழக்குத் தெருவின் ஒன்பது கிணறுகளுக்கும் பூட்டு விழுந்தது. தண்ணீர் லாரி வந்தது. ஏழு மாதப் பேச்சு அத்தோடு முறிந்து, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது.

ரகசியம் காக்கவில்லை என்று மேலாளர் புகார் கொடுத்தார். விசாரணை அதிகாரி கேட்டார்: "சொன்னீங்களா?"

"சொல்லல."

"அப்போ ஏன் குடிக்கல?"

"குடிக்க முடியல."

அவளைப் பதிவேட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். விசாரணை முடியும்வரை எந்தத் தரப்போடும் தொடர்பு வைக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு. அலமாரிகளுக்கு நடுவே ஒரு மேசை, தலைக்கு மேல் ஒரு குழல்விளக்கு. மூன்றாம் மாதம் ஒரு பிற்பகல் கைப்பேசி அடித்தது. ஒலிபெருக்கி. எடுத்தால் உத்தரவை மீறியதாகும். அவள் எடுத்தாள்.

"வியாழக்கிழமையே உங்களுக்குத் தெரியுமாமே? பொறியாளர் கோர்ட்டுல சொல்லிட்டாரு."

"தெரியும்."

"வெள்ளி, சனி, ஞாயிறு என் தங்கச்சி பிள்ளைக்கு அந்தத் தண்ணியிலதான் பால் கரைச்சோம். உங்க விதிய வச்சுக்கிட்டு நீங்க நிம்மதியா தூங்கினீங்களா?"

"இல்ல."

"தூங்கலைன்னா எங்களுக்கென்ன?"

மறுமொழி சொல்லப் பழகிய வாய் அவளுடையது. இரு தரப்பு நியாயத்தையும் எடுத்துவைக்கத் தெரிந்த வாய். எதையும் எடுத்துவைக்கவில்லை. மறுமுனையில் குரல் உயர்ந்து உயர்ந்து அலமாரிகள் வரை கேட்டது. பக்கத்து மேசை எழுத்தர் திரும்பிப் பார்த்தார். அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல், அந்தப் பக்கம் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.