ஐந்தாவது பெயர்

எங்கள் கம்பெனி சின்னது. வால்வு செய்கிறோம், மொத்தம் நூற்று நாற்பது பேர். ஆனால் பங்குச் சந்தையில் பெயர் இருப்பதால், கம்ப்யூட்டர் பாதுகாப்பை யார் பார்க்கிறார்கள், அவரை யார் மேற்பார்வை செய்கிறார்கள் என்று ஆண்டறிக்கையில் ஊரறியச் சொல்லியாக வேண்டும். பார்க்கிறவன் நான். மேற்பார்வை செய்வது இயக்குநர்கள் மூவர் அடங்கிய தணிக்கைக் குழு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்னைக் கூப்பிடுவார்கள், நான் என் அறிக்கையைப் படிப்பேன், நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை வெளியாட்கள் எங்கள் எல்லோருக்கும் போலி மின்னஞ்சல் அனுப்பிச் சோதிப்பார்கள். என்றைக்கு, எப்படி வரும் என்று எனக்கும் சொல்லக் கூடாது என்பது நானே போட்ட நிபந்தனை. ஏமாந்து பாஸ்வேர்டு கொடுத்தவர்களை நான் சும்மா விட்டதில்லை. போன வருடம் கிடங்குக்காரரை நாலு பேர் முன்னால் நிறுத்தி வறுத்தெடுத்தேன்.

இந்த வருட முடிவு வந்தது. ஏமாந்தவர்கள் ஐந்து பேர். ஐந்தாவது பெயர் என்னுடையது.

'புதிய மாடியில் யாருக்கு எந்த அறை' என்று வந்த மின்னஞ்சல் அது. பதினோரு வருடமாக ஜன்னலில்லாத அறையில் சர்வர்களோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். நப்பாசை கண்ணை மறைத்துவிட்டது.

பட்டியல் எனக்கு மட்டும்தான் வரும். சுருக்கிக் குழுவுக்குக் கொடுப்பதும் நானே. ஒரு பெயரை எடுத்தால் ஈ காக்காய்க்குத் தெரியாது. மனசு கேட்காமல் கம்பெனி செயலாளரிடம் சொன்னேன். அவர் ஆண்டறிக்கையின் வரைவைக் காட்டினார்: 'இருபது ஆண்டு அனுபவமுள்ள அதிகாரியின் பொறுப்பில்...' அந்த அதிகாரி நான்தான். மகளைக் கல்லூரியில் சேர்க்கிற நேரத்தில் வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதீர்கள், நாலு என்றே இருக்கட்டும் என்றார். நியாயமாகப் பட்டது. நாலு என்று தட்டினேன்.

பிறகு சோதனை முடிவின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அந்த மின்னஞ்சல் போலி என்று சந்தேகப்பட்டு எனக்கு எழுதியவர் ஒரே ஒருவர், கிடங்குக்காரர். அவருடைய கடிதத்தை நான் பிரிக்கவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலை அழித்து ஐந்தாக்கினேன்.

மறுநாள் குழுவில் சொன்னேன். தலைவி ஓய்வுபெற்ற ஆடிட்டர். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என் சீட்டு கிழிந்தது என்றே நினைத்தேன்.

"நீங்க சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுங்க மேடம்."

"சொல்லாம விடலாம்னு நினைச்சீங்களா?"

செயலாளர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அவரை நான் பார்க்கவில்லை.

"நேத்து நினைச்சேன். நாலுன்னு அடிச்சுட்டு, அப்புறம்தான் மாத்தினேன்."

"உங்களை வேலையை விட்டு அனுப்பப் போறதில்ல," என்றார் தலைவி. "ஆனா இனிமே அந்தப் பட்டியல் நேரா எங்களுக்கே வரட்டும். இத்தனை வருஷமா அதைக் கேக்காதது எங்க தப்பு."

காது சுட்டது. உண்மையைச் சொன்னதற்கா இந்தத் தண்டனை என்று ஒரு நிமிடம் கோபமும் வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து திருப்பி, ஒவ்வொரு வரியாகக் கேட்க ஆரம்பித்தார். பாதிக் கேள்விகளை, பார்த்துச் சொல்கிறேன் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.