திருகக் கூடாது

வண்டியின் கிக்கர் இறங்கவில்லை. கவியா வலது காலைத் தூக்கி, முழு எடையையும் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

வாசலில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். நேற்று லோடு ஆட்டோவில் கொண்டுவந்தவர்கள் சாய்த்துவிட்டுப் போன இடத்திலேயே, குளியலறைச் சுவரை ஒட்டி, அப்பாவின் வண்டி நின்றது. ஹேண்டில் கோணியிருந்தது. ஹெட்லைட் உடைந்திருந்தது. அதெல்லாம் விழுந்ததில் ஆனது. கிக்கர் அப்படி இல்லை. இஞ்சின் உள்ளே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓடும்போது அது பிடித்தால் பின்சக்கரமும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அவள் வாசலுக்கு வந்தாள். ஐஸ் பெட்டிக்குள், மண்ணாங்கட்டி என்று பேர் கொண்ட அப்பா தலையில் கட்டோடு கிடந்தார். பந்தலுக்குக் கீழே பெரியப்பா, மாலை கொண்டுவந்திருந்த கம்பெனி சூப்பர்வைசரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நேர் ரோடு சார். குறுக்க ஒரு நாய்கூட வரல. தானா வுழுந்துகீறான்னா இன்னா அர்த்தம்? ராத்திரி ஊத்திகினது காலைல எறங்கல."

"செக்யூரிட்டி டூட்டிக்கு வர்றவரு அப்படி வரலாமா?" என்றார் சூப்பர்வைசர்.

"சொன்னா கேட்டாதான?"

அப்பா குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. பெரியப்பாவுக்கே தெரியும். நேற்றிலிருந்து இவர் நாலாவது ஆளிடம் இதைச் சொல்கிறார். பிணத்தை எடுக்கும்போது பென்னலூர் முழுக்க இதுதான் அப்பாவின் கதையாக இருக்கும். கவியா வாயைத் திறந்தாள். அத்தனை பேர் முன்னால் அவளுக்கு எப்போதுமே சத்தம் வராது; இப்போதும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனைத் தேடிப் போனாள்.

அவள் பிறப்பதற்கு முன்னால் வாங்கிய வண்டி அது. ரேடியேட்டர், தண்ணீர் ஒன்றும் கிடையாது. இஞ்சினைச் சுற்றியிருக்கும் தகடுகளில் அடிக்கும் காற்றும் உள்ளே ஓடும் ஆயிலும்தான் அதன் சூட்டை ஆற்ற வேண்டும். வயதாகிவிட்டதால் ஆயிலைக் குடிக்கவும் செய்யும்; ஆயில் தீர்ந்தால் சூட்டில் இஞ்சின் இறுகிப் பிடித்துவிடும். அப்பாவின் கண்ணில் புரை விழுந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயில் பார்ப்பதும், பழைய டூத் பிரஷ்ஷால் தகடுகளுக்கு நடுவே சேறு எடுப்பதும் கவியாவின் வேலை.

போன வெள்ளிக்கிழமை அண்ணன் பிரசன்னா தன் புது வண்டியை சர்வீஸுக்கு விட்டுவிட்டு, கூட்டாளி ஷாரோனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அப்பா வண்டியில் ஏலகிரி போனான். ஞாயிறு சாயங்காலம் திரும்பி வந்தபோது தகடுகளில் சேறு வெந்து செங்கல்லாக ஒட்டியிருந்தது. கவியா பிரஷ்ஷும் துணியுமாக வந்து நின்றாள்.

"ஏய், உள்ள போ. ஷிஃப்டுக்கு எட்நூறு இஞ்சின் பூட்றவன் நானு. எனக்கு ஆயில் பாக்கத் தெரியாதா?" என்றான். ஷாரோன் சிரித்தான். அவள் உள்ளே போய்விட்டாள். பிரசன்னா அப்பாவைக் கூப்பிட்டு, "கரெக்ட்டா கீதுப்பா. நீ எட்த்துகினு போ," என்று சொன்னது அடுக்களைவரை கேட்டது. "புள்ளயே பாத்துட்டான்," என்று அப்பா அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். மறுநாள் காலை அந்த வண்டியில்தான் டூட்டிக்குக் கிளம்பினார்.

உள்ளே போனேனே. நேற்றிலிருந்து அவளுக்குள் திரும்பத் திரும்ப ஓடுவது அதுதான்.

பிரசன்னாவுக்கு அப்போதுதான் தண்ணீர் ஊற்றி, புது வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள். மேலுக்குத் துண்டுகூட இல்லை. அழுது கண் வீங்கியிருந்தது. அவள் அவன் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப் போனாள்.

"ஆயில் பாரு."

"இன்னா கவி? பைத்தியமா உனுக்கு? அங்க அப்பாவ எடுக்கப் போறாங்க."

"ஞாயித்துக்கெழம எப்டி பாத்தியோ அப்டியே பாரு. பாத்துட்டு வந்து எடு."

அவள் கண்ணைப் பார்த்துவிட்டு அவன் குனிந்தான். கவியா வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். அவன் இஞ்சின் பக்கத்து மூடியைக் கழற்றினான். அதோடு சேர்ந்த குட்டிக் கோல் வெளியே வந்தது. துடைக்க எதுவும் இல்லாமல் வேட்டியின் பக்கவாட்டிலேயே துடைத்தான். வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. கோலைத் திரும்ப உள்ளே விட்டான். திருகினான். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. இறுகியதும் கழற்றி நீட்டினான்.

"பாரு. ரெண்டு கோட்டுக்கு நடுவுல கீது. போதுமா?"

"திருகுன."

"பின்ன? திருகாம?"

கம்பெனியில் இஞ்சின் பூட்டும் லைனில் அவன் கைக்குத் தெரிந்தது ஒரே ஒரு போல்ட்டு. இறுகும்வரை திருகு, அடுத்தது. அங்கே ஆயிலை மெஷின் ஊற்றும். அளவைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். இந்த வண்டிக்குக் கோலைத் துவாரத்தில் சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகினால் அது அரை விரல் கூடுதலாக இறங்கி, இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும்.

கவியா கோலைப் பிடுங்கித் தன் பாவாடையில் அழுத்தித் துடைத்தாள். துவாரத்தில் வைத்தாள். திருகவில்லை. எடுத்து, அவன் வேட்டியில், அந்தக் கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்து இழுத்தாள்.

ஒன்றும் ஒட்டவில்லை.

இன்னொரு தடவை வைத்து எடுத்து இழுத்தாள். வேட்டி வெள்ளையாகவே இருந்தது.

பிரசன்னா அதைப் பார்த்தான். பிறகு கிக்கரைப் பார்த்தான். கையால் அழுத்திப் பார்த்தான்.

"போய்ச் சொல்லு," என்றாள் கவியா. "அப்பா குடிக்கலன்னு சொல்லு. ஏன் வுழுந்தாருன்னும் நீயே சொல்லு."

"பிரசன்னா, நேரமாவுது," என்று வாசலிலிருந்து பெரியப்பா கத்தினார்.

அவன் போனான். அவள் கோலைக் கையில் வைத்தபடியே பின்னால் போனாள். கொள்ளிச் சட்டியை நீட்டிக்கொண்டே பெரியப்பா, "அழாதடா. குடிகாரன் சாவு, இன்னா பண்றது," என்றார்.

"அப்பா குடிக்கல பெரிப்பா," என்றான் பிரசன்னா. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்புறம் எப்டிடா வுழுந்தான்?"

அவன் தங்கையைப் பார்த்தான். சட்டியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"வண்டி பழசு," என்றான்.

"அதான பாத்தேன். எடைக்குப் போட வேண்டிய வண்டி," என்றார் பெரியப்பா. சூப்பர்வைசரும் தலையாட்டினார்.

கவியா முன்னால் நகர்ந்தாள். இந்தத் தடவை சத்தம் வந்திருக்கும். தரையில் உட்கார்ந்திருந்த அம்மா காந்திமதி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். கவியாவின் கையிலிருந்த கோலை அம்மா பார்த்தாள்.

"கொள்ளி வெக்கற புள்ளடி. அவன இப்ப ஒண்ணும் சொல்லாத," என்றாள் மெதுவாக.

பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனைவரை போய் நின்றார்கள். கம்பெனி பஸ் ஒன்று ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. பிரசன்னா முன்னால் சட்டியோடு நடந்தான். அவன் வேட்டியில் அந்தக் கறுப்புக் கோடு தூரத்திலிருந்தும் தெரிந்தது. கவியா அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், தான் கோலை இழுத்தும் ஒன்றுமே ஒட்டாத இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.