பரமக்குடிக்கு வந்த கடல்

பிரெசில்லாவின் தொழில் உரிமம் காலாவதியாகி இரண்டு வருடம் பதினோரு நாள் ஆன திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, பரமக்குடியில் ஒரு வீட்டுக்குள் கடல் வந்தது. பரமக்குடியில் கடல் கிடையாது. வைகை உண்டு, அதுவும் வருடத்தில் பாதி நாள் வெறும் மணல்தான். நெசவாளர் தெருவின் கடைசி ஓட்டு வீட்டில் அன்று முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, பக்கத்து வீட்டுச் சுவரில் ஈரம்கூட இல்லை. கதவு திறந்தே கிடந்தும் தண்ணீர் வாசல்படியைத் தாண்டவில்லை. கண்ணாடி போட்டு அடைத்தது மாதிரி படியோடு நின்றது. மதியத்துக்குள் வடிந்துபோய், மாலை ஏழுக்கு மறுபடி ஏறியது. மறுநாள் முக்கால் மணி நேரம் தள்ளி வந்தது, அதற்கு மறுநாள் இன்னும் முக்கால் மணி நேரம் தள்ளி. பக்கத்து வீட்டு நெசவாளருக்குத் தறிக்குழிக்குள் தண்ணீர் இறங்கிவிடுமோ என்று ஒரு வாரம் பயம் இருந்தது. பிறகு அவர் நெசவுக்கு நூல் பாவு ஓட்டப் போய்விட்டார்.

பிரெசில்லாவுக்கு இந்தச் செய்தி பதினைந்து நாள் கழித்துத்தான், ஒரு விண்ணப்பப் படிவத்தின் வழியாக வந்து சேர்ந்தது. அவள் அப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஆன்லைன் சேவை மையத்தில் உட்கார்ந்து ஊராருக்கு ஆதார் திருத்தம், ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமப் புதுப்பிப்பு எல்லாம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் ஒன்பது வருடம் அவள் மனநல உளவியலாளராக இருந்தவள். தங்கச்சிமடத்தில் பிறந்து, சென்னையில் படித்து, பரமக்குடியில் ஒரு மருந்துக்கடை மாடியில் அறை எடுத்து, மாத்திரை தராத டாக்டர் என்று பேர் வாங்கியவள். நர்சிங் படித்துக்கொண்டிருந்த பானுப்பிரியா என்ற பெண் ஆறு வியாழக்கிழமை அவளிடம் வந்து பேசினாள். ஏழாவது வியாழக்கிழமை வரவில்லை. அந்தச் செவ்வாயன்றே தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தாள். யாரும் பிரெசில்லாவைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்தாவது பேசியிருப்பாள். அறையைப் பூட்டினாள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, உளவியலாளர்களுக்கு உரிமம் தரும் கவுன்சிலில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு நூறு பயிற்சிப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். அவளிடம் நாற்பத்திரண்டு இருந்தன. நினைவூட்டல் கடிதங்கள் மின்னஞ்சலில் வந்தன, அவற்றைத் திறக்காமலே அடுத்தவர்களின் உரிமங்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஓட்டு வீட்டில் குடியிருந்த யாகப்பம்மாள் வந்தது வெள்ள நிவாரணத்துக்கு மனுப்போட. நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலையின் கீழ்க்கரை உப்புப் பூத்து வெளுத்திருந்தது.

"எதனால தண்ணி வந்துச்சுன்னு போடணும்க்கா. மழையா, ஆத்துத் தண்ணியா, கம்மா ஒடஞ்சதா?"

"கடலு" என்றாள் யாகப்பம்மாள்.

"பரமக்குடியிலயா?"

"ஆமா மேடம். ஏத்தத்துக்கு ஏறுது, வத்தத்துக்கு எறங்குது. கடக்கரையில பொறந்தவளுக்கு அது தெரியாதா?"

படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லாததால் பிரெசில்லா கணினியை அணைத்துவிட்டு அவளோடு நடந்து போனாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் படியிலிருந்து உள்ளே கால் வைத்தபோது, பங்குனி வெயிலில் கொதித்த தெருவுக்கும் அந்தத் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை என்பது உள்ளங்காலுக்குத் தெரிந்தது. தையல் மெஷினுக்கு அடியில் ஒரு சொறிமீன் குடை விரித்து மூடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். சின்ன வயதில் குளித்துக் கரையேறும்போது வாயில் தங்கும் அதே உப்பு.

செங்கல் அடுக்கி உயர்த்திய கட்டிலில் யாகப்பம்மாளின் புருசன் சவேரியார் உட்கார்ந்திருந்தார். அவர் தங்கச்சிமடத்தில் இருபத்தைந்து வருடம் நாட்டுப்படகில் போனவர். தனுஷ்கோடிக்கு அப்பால் சுழிக்காற்றில் படகு கவிழ்ந்து தம்பி இமானுவேல் போனபிறகு, ஒரே மாதத்தில் வலை, எஞ்சின் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, கடல் கண்ணில் படாத ஊர் வேண்டும் என்று சொல்லிப் பரமக்குடிக்கு வந்து நூல் கடையில் மூட்டை தூக்கினார். அன்று கடலில் என்ன நடந்தது என்று பெண்டாட்டியிடம்கூட அவர் சொல்லவில்லை. வந்த ஆறாவது மாதம் கடல் அவரைத் தேடி வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் தூங்க மாத்திரை கொடுத்தார்கள். அவர் தூங்கினார், தூங்கியவரைச் சுற்றித் தண்ணீர் ஏறியது. மதுரைக்குப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போக யாகப்பம்மாள் பஸ் ஏற்றினாள். மானாமதுரை தாண்டுவதற்குள் பஸ்ஸின் தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் சேர்ந்தது. கண்டக்டர் கோபப்படவில்லை. பைகளை மேலே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் அவர்களை இறக்கி விட்டார்.

"எந்த ஊரு?" என்று சவேரியார் கேட்டார். அந்த மாதத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று யாகப்பம்மாள் பிற்பாடு சொன்னாள்.

"தங்கச்சிமடம்."

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கை..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, இப்பச் சொல்லாதீங்க" என்றாள் பிரெசில்லா. "உங்கள மாதிரி ஆளுகளுக்கு உக்காந்து வைத்தியமாக் கேக்குறதுக்கு எனக்கு இப்ப அனுமதி இல்ல."

சொன்னது உண்மைதான். உரிமம் இல்லாமல் உட்காருவது குற்றம். ஆனால் அது பாதி உண்மை என்பதும் அவளுக்குத் தெரியும். மீதிப் பாதி பயம். சவேரியார் வாயை மூடிக்கொண்டார். அன்று மாலை ஏத்தத்தில் தண்ணீர் சன்னல் விளிம்பைத் தொட்டது. கட்டிலுக்கு இன்னும் இரண்டு அடுக்கு செங்கல் தேவைப்பட்டது.

மறுநாள் அவள் தன் பெயரிலேயே ஒரு விண்ணப்பத்தைத் திறந்தாள். காலாவதியான பதிவை மீட்க, விடுபட்ட பயிற்சியை முடித்து, தகுதியுள்ள ஒருவர் மேற்பார்வையில் நாற்பது மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் ஒரு கட்டம் இருந்தது: பதிவு தடைப்பட்டதற்கான காரணம். ஊராருக்காக எத்தனையோ படிவம் நிரப்பியவள் அந்த ஒரு கட்டத்தில் நான்கு நாள் நின்றாள். 'சொந்தக் காரணம்' என்று போட்டு அனுப்பினாள். விளக்கம் போதாது என்று திரும்பி வந்தது. ஐந்தாம் நாள் மாலை பஸ் ஏறி, பானுப்பிரியாவின் அம்மா மாரிச்செல்வி இருந்த கிராமத்துக்குப் போனாள். மாரிச்செல்வி மிளகாய் வற்றலை வாரிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். வந்தவளைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வருசமா உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்."

பிரெசில்லா ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"வியாழக்கெழமைன்னா விடியவே தல சீவிக்கிட்டு நிப்பா. உங்ககிட்ட வந்துட்டுப் போற அன்னைக்கு ஒருநாத்தான் ரெண்டு தோச கூடச் சாப்புடுவா. அத உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன். அங்கன வந்தேன், பூட்டிக் கெடந்துச்சு."

வெகுநேரம் கழித்து பிரெசில்லா, உரிமத்துக்காக நடந்ததை எழுதவேண்டியிருக்கிறது, எழுதலாமா என்று கேட்டாள். "எழுதுங்க" என்றார் மாரிச்செல்வி. "பேரு மட்டும் போடாதீங்க." பிறகு முறத்தை எடுத்துக்கொண்டார். பிரெசில்லாவும் உட்கார்ந்து, இருட்டும் வரை காம்பு கிள்ளினாள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டத்தில் எழுதினாள்: 'என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண் இறந்துபோனாள். இனி யாரையும் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று நினைத்தேன். இப்போது ஒருவர் சொல்லக் காத்திருக்கிறார்.' விண்ணப்பம் திரும்பி வரவில்லை.

பயிற்சிக்கு ஏழு மாதம் ஆனது. மதுரைக்கும் சென்னைக்கும் போய்ப் போய், தன்னைவிட இளையவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். அந்த ஏழு மாதத்தில் நெசவாளர் தெரு கடலுக்குப் பழகிவிட்டது. வீட்டுக்காரர் காளீஸ்வரன் காலி செய்யச் சொல்லத்தான் வந்தார். வாசலில் நிமிர்ந்து நின்ற தண்ணீருக்குள் ஒரு மீன்கூட்டம் வெள்ளிப் பாவு மாதிரி திரும்பியதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அதோடு பேச்சை எடுக்கவில்லை. யாகப்பம்மாள் வத்தத்தில் சமைத்தாள், ஏத்தத்தில் பரண்மேல் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். சவேரியாரிடம் ஒரே ஒரு தகவல் மட்டும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. "அந்தப் பிள்ள படிச்சுக்கிட்டு இருக்கு. வரும்" என்று பெண்டாட்டி தினமும் சொல்வாள். அவர் தலையாட்டுவார்.

மேற்பார்வைக்குக் கிடைத்தது உம்மு ஹபீபா. கீழக்கரைப் பெண், முப்பது வயது, கல்லூரியில் பிரெசில்லாவுக்கு ஏழு வருடம் பின்னால் படித்தவள். ஜூனியருக்குக் கீழே உட்கார்வதில் பிரெசில்லாவுக்கு இருந்த கூச்சத்தைவிட, சீனியரை மேற்பார்வை செய்வதில் ஹபீபாவுக்கு இருந்த கூச்சம் அதிகம். ஐப்பசி மாதம் முதல் அமர்வுக்கு வந்தபோது ஏத்தம் பதினொன்று நாற்பதுக்கு. மடிக்கணினிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் அபாயாவோடு நடந்துபோய் மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள். "வரும் முன்னே சொல்லியிருக்கலாம்ல அக்கா" என்று மட்டும் கேட்டாள்.

"சொன்னா வந்திருப்பியா?"

ஹபீபா யோசித்தாள். "வந்திருப்பேன். மாத்து உடுப்பு கொண்டாந்திருப்பேன்."

பிரெசில்லா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, தன் பெயரையும், மேற்பார்வையில் இருப்பதையும், சொல்வது இந்த வீட்டைத் தாண்டாது என்பதையும் முறைப்படி சொன்னாள். பிறகு, "அண்ணே, அன்னைக்கு ஒங்க கையப் பத்தி ஆரம்பிச்சீங்க" என்றாள்.

சவேரியார் வலது கையை மடியில் மலர்த்தி வைத்தார். "தம்பி கை வழுக்கிருச்சுன்னு ஊருல சொன்னேன். போலீசுலயும் அப்படித்தான் சொன்னேன். வழுக்கல. நான்தான் விட்டேன்."

தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தாண்டி மெத்தையைத் தொட்டது. அது உங்கள் குற்றமில்லை என்ற வாக்கியம் பிரெசில்லாவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைத் தனக்கு எத்தனை பேர் சொன்னார்கள், ஒன்றாவது உள்ளே இறங்கியதா என்று நினைத்துப் பார்த்து விழுங்கினாள்.

"விட்டப்ப தம்பி என்ன செஞ்சாப்ல?"

அப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. நெற்றியைச் சுருக்கினார். தண்ணீருக்குள் கையை விட்டு எதையோ தடவித் தேடுகிற மாதிரி இருந்தது. "தள்ளுனான்" என்றார். "என் தோளுல கால வச்சு ஒரு ஒதை. படகுப் பலகை மெதந்த பக்கமா. அந்த ஒதையிலதான் பலகை எனக்குக் கெடச்சது." சொல்லிவிட்டு, அதைத் தானே இப்போதுதான் கேட்கிறவர் போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏலே இமானு" என்றார், சத்தமில்லாமல். அழுகை அதற்குப் பிறகு வந்தது.

பட்டப்பகலில், வீடு நிறைந்த தண்ணீர் முழுக்க நீலமாக ஒளிர ஆரம்பித்தது. அமாவாசைக் கடலில் துடுப்புப் பட்ட இடம் மினுங்கும் அந்த நீலம்தான், ஆனால் சுவருக்குச் சுவர், தரையிலிருந்து கட்டில் வரை. ஓட்டின் அடிப்பக்கத்தில் அலையின் கோடுகள் மெல்ல நடந்தன. பரணில் இருந்த யாகப்பம்மாளின் முகத்தில், ஹபீபாவின் கண்ணாடியில், சவேரியாரின் ஈரக் கன்னத்தில் எல்லாம் அந்த வெளிச்சம். ஹபீபா தன்னையறியாமல் "சுப்ஹானல்லாஹ்" என்றாள். பிரெசில்லா மூச்சை விடக்கூடப் பயந்தாள். தன் ஆயுளில் இதற்குமேல் ஒன்றைப் பார்க்கப் போவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஏத்தம் முடிய இன்னும் நேரம் இருந்தும் தண்ணீர் அப்போதே இறங்க ஆரம்பித்தது. அவசரமில்லாமல், ஒரு பெரிய மனுசன் விடைபெற்றுப் போவது மாதிரி இறங்கியது.

ஹபீபா அறிக்கையில் எழுதியது மூன்று வரி: 'அமர்வின் தொடக்கத்தில் நீர்மட்டம் மூன்றடி. முடிவில் ஒன்றரை. கேட்டவர் அவசரப்படவில்லை.' மீதி முப்பத்தொன்பது மணி நேரமும் அப்படியே போனது. ஏத்தத்துத் தண்ணீர் முழங்காலுக்கும், பிறகு கணுக்காலுக்கும் வந்து, அங்கேயே நின்றது. அதற்குக் கீழே போகவில்லை. போகவேண்டும் என்று சவேரியாரும் கேட்கவில்லை. தை மாதம் அவர் யாகப்பம்மாளோடு தங்கச்சிமடத்துக்குத் திரும்பினார். போகும்போது கட்டிலுக்கு வைத்த செங்கலை எல்லாம் கழுவி அடுக்கிவைத்துவிட்டுப் போனார். கடல் மட்டும் அவரோடு போகாமல் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. மாசியில் ஒரு புதன்கிழமை மதியம் பிரெசில்லாவின் பதிவு, பழைய எண்ணிலேயே, ஐந்து வருடத்துக்கு மீட்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, காளீஸ்வரனைப் போய்ப் பார்த்து அந்த ஓட்டு வீட்டை வாடகைக்குக் கேட்டாள். மருந்துக்கடை மாடிக்கு அவள் திரும்பவில்லை. முகவரி சரிபார்க்க வந்தவர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, 'தண்ணீர் வசதி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அந்த வாசலில் ஒரு பலகை இருக்கிறது. அதில் அவள் பெயர், பதிவு எண், அதற்குக் கீழே அன்றன்றைய ஏத்த நேரம் சாக்பீஸில். வருகிறவர்கள் முதல் தடவை கேட்பார்கள். இரண்டாவது தடவை, யாரும் சொல்லாமலே செருப்பை விட்டுவிட்டு, வேட்டியையோ சுடிதாரையோ ஒரு சுற்றுத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார்கள். பேச்சு வராதவர்கள் கடலில் கால் வைத்துச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பிரெசில்லாவும் எதிரே கால் நனைத்து உட்கார்ந்திருப்பாள்.