பச்சைப் பொய்

"ஏய், உன் போன் ரொம்ப நேரமா அழுதுட்டிருக்கு, பாரு!"

மாஸ்டர் சொன்ன பிறகுதான் அவளுக்குக் கேட்டது. டப்பாக்களைக் குலுக்கும் மெஷினின் தடதடப்பில் மூன்று அழைப்புகள் அடித்து ஓய்ந்திருந்தன. கண் மங்கியதிலிருந்து அவள் கணவரான மாஸ்டருக்குக் காது அநியாயத்துக்குக் கூர்மை.

கையில் அப்பியிருந்த பெயின்டைத் துடைத்தும் துடைக்காமலும் எடுத்தாள். கண் ஆஸ்பத்திரி நர்ஸ்.

"எங்கம்மா போனீங்க? தானமா ஒரு கருவிழி வந்திருக்கு. ஒரு மணிக்குள்ள அவரைக் கூட்டிட்டு வாங்க. இனிமே பச்சைத் தண்ணிகூடக் கொடுக்காதீங்க."

இரண்டு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. அவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் முதலில் நினைவுக்கு வந்தது வீட்டுப் படுக்கை அறைச் சுவர்.

கண் திறந்தால் அவர் சுவரைப் பார்த்துவிடுவார்.

சுவர்க் கதை இதுதான்.

அந்தப் பெயின்ட் கடையில் நிறம் கலப்பது அவர் வேலை. கிழிந்த திரைச்சீலையின் ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினாலும் அதே நிறத்தை டப்பாவில் இறக்கிக் கொடுப்பார். ஊருக்கே அவர் கலர் மாஸ்டர். ஒரு மழைக்காலத்தில் அவர் கண்களுக்கு முன்னால் யாரோ பாலைக் கொட்டியது போல் ஆனது. வெளிச்சம் தெரிந்தது, இருட்டு தெரிந்தது. நடுவில் இருந்த அத்தனை நிறங்களும் கரைந்து போயின.

பதினேழு நாள் அவர் படுக்கையை விட்டு எழவில்லை. பதினெட்டாம் நாள் எழுந்து உட்கார்ந்தார்.

"படுக்கை அறைக்கு ஒரு நீலம் கலக்கப்போறேன். மழை விட்டதும் வருமே, அந்த நீலம். சரியா வந்துச்சுன்னா கடவுள் என் கையை விடலைன்னு அர்த்தம். வரலைன்னா இந்தத் தொழிலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

மேஜையில் ஆறு நிறக் குப்பிகள், அவர் பழகிய வரிசையில். அவர் இந்தப் பக்கம், அவள் எதிர்ப் பக்கம்.

"இடது பக்கத்துலேர்ந்து ரெண்டாவது குப்பி. மூணு சொட்டு," என்றார்.

இரண்டாவதை எடுத்தாள். தன் இடது பக்கத்திலிருந்து எண்ணி.

அவருடைய இடது அவளுக்கு வலது என்பது அவசரத்தில் மறந்து போனது. விழுந்தது மஞ்சள். அதைச் சொல்லாமல் மறைத்து, அவர் அடுத்தடுத்துச் சொன்ன எண்களையெல்லாம் பதற்றத்தில் அதே கணக்கில் எடுத்து, ஒரு கிண்ணம் ஆகாயத்தை ஒரு கிண்ணம் குளமாக்கிவிட்டாள். பாசி பிடித்த குளம்.

சுவரில் பூசிக் காய்ந்ததும் அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"வந்துச்சா?"

அந்த முகத்தை அவள் பார்த்தாள். பதினேழு நாள் தாடி. பதிலுக்காகத் திறந்திருந்த வாய்.

"வந்துடுச்சுங்க. அதே நீலம்."

மறுநாளே அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார். அவள் கூடவே போனாள். வாடிக்கையாளர் கொண்டுவரும் நிறத்தை அவள் வாயால் சொல்ல, அவர் நினைவிலிருந்து கலந்தார். ஒரு தப்பும் வரவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அவர் சொல்வது ஒரே பிரார்த்தனை.

"நீலம் கொடுத்தே. மிச்சத்தையும் நீயே பாத்துக்கோ."

முதல் முறை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தபோது அவருக்குக் காய்ச்சல். இரண்டாம் முறை ஆபரேஷன் மேஜையில் படுக்கவைத்த பிறகு, வந்த கருவிழி சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு முறையும் அவர் வந்து அதே சுவரில் சாய்ந்தார். "நீலம் கொடுத்தவர் இதைக் கொடுக்க மாட்டாரா?"

அவளால் மட்டும் கும்பிட முடியவில்லை. அவர் நம்பிக்கை மொத்தமும் அவளுடைய பொய்யில் சாய்ந்துகொண்டிருந்தது.

இது மூன்றாவது அழைப்பு. டாக்ஸிக்கு வெளியே மழை. கண்ணாடியில் சிக்னல் விளக்குகள் கரைந்து வழிந்தன. பன்னிரண்டு நாற்பது. வண்டிகள் நகர்வதாய்த் தெரியவில்லை.

"ஒரு வீட்டுல இந்நேரம் அழுதுட்டிருப்பாங்க," என்றார் மாஸ்டர் மெதுவாக. "அவங்களையும் பாத்துக்கோன்னு சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும் அவரே பாத்துக்கிட்டா நீங்க எதைப் பாப்பீங்க?"

"உன்னை. இந்தக் கொடுமைக்குத்தானே இத்தனை அவசரம்!"

டிரைவர் சிரித்துவிட்டார். அவள் சிரிப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பன்னிரண்டு ஐம்பத்தாறுக்கு ஆஸ்பத்திரி வாசல். ஒன்றேகாலுக்கு ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிக்கொண்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் டாக்டர் விரலை உயர்த்தினார். "உடனே எல்லாம் தெரிஞ்சிடாது. பனி விலகுற மாதிரி மெதுவா தெளியும். வாரக்கணக்கு ஆகும். பொறுமை வேணும்."

அந்த வாரங்கள் ஒரு கனவு மாதிரி நகர்ந்தன. முதலில் வெள்ளை வந்தது, தலையணை உறையிலிருந்து. பிறகு ஒரு நாள், அவள் வளையலில் சிவப்பு. ஜன்னல் ஓரத்தில் ஒரு காகம் முழுசாக வந்து உட்கார்ந்தபோது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அது பறக்கும்வரை அசையவில்லை. நிறங்கள் ஒவ்வொன்றாக, வெளியூர் போயிருந்த பிள்ளைகள் போல, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தன.

அவளோ சுவருக்கும் அவருக்கும் நடுவில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவரைக் கறுப்புக் கண்ணாடியோடு முன் அறையிலேயே படுக்கவைத்தாள்.

பார்க்க வந்த நாத்தனார் உள் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போனாள்.

"ரெண்டு வருஷமா நீ சொன்னதுக்காக வாயை மூடிட்டிருக்கேன். கண்ணு தெரிஞ்சதும் அவன் முதல்ல இதைத்தான் பாப்பான். அப்புறம் இருக்கு உனக்குக் கச்சேரி!"

"நாளைக்கு செக்கப்புக்கு நீங்க கூட்டிட்டுப் போங்க அண்ணி. அதுக்குள்ள நீலம் அடிச்சிடறேன்."

"அடியேய்! புதுக் கண்ணுகிட்ட பெயின்ட் நெடி ஆகாதுன்னு டாக்டர் சொன்னது மறந்து போச்சா? பொய்யைக் காப்பாத்தக் கண்ணைக் கெடுக்கப்போறியா?"

கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த நீல டப்பாவை அன்றே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். வெறும் கையோடு திரும்பி வரும் வழியில், தெருவின் நடுவில், இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவள் உதடு அசைந்தது.

"என்னால முடியலை. நீ பாத்துக்கோ."

மறுநாள் காலை விழித்தபோது முன் அறைக் கட்டில் காலி.

உள் அறைக் கதவு திறந்திருந்தது.

ஓடினாள். கறுப்புக் கண்ணாடி கையில் தொங்க, மாஸ்டர் அறை நடுவில் நின்றிருந்தார். ஜன்னல் வெளிச்சம் முழுக்க அந்தச் சுவரில்.

"பச்சை," என்றார்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். குப்பிகள், இடது, வலது, பதினேழு நாள் தாடி. அவர் திரும்பவில்லை.

"அப்போ ரெண்டு வருஷமா பச்சைச் சுவத்துல சாஞ்சுக்கிட்டு, நீலம் கொடுத்தேன்னு நன்றி சொல்லிட்டிருந்தேன்."

"மன்னிச்சிடுங்க."

"மேலே இருக்கறவர் எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டாரோ!"

தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்து கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தார். கண் நிறையத் தண்ணீர்.

"பச்சைப் பொய்னு கேள்விப்பட்டிருக்கேன். சுவத்துல பூசி இன்னிக்குத்தான்டி பாக்கறேன்!"

"உங்க நம்பிக்கையே போயிடுமோன்னு…"

அவர் கறுப்புக் கண்ணாடியை ஜன்னலில் வைத்தார். போய் வழக்கமான இடத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். ஒரு முறை அழுத்திப் பார்த்தார்.

"தினமும் சாஞ்சேனே, என்னைத் தாங்கினது நிறமா, சுவரா?"

வெளியே மழை விட்டிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் சட்டென்று திரும்பினார்.

"அதுக்கு மறுநாள்லேர்ந்துதானே, எதிர்ப்பக்கம் நிக்காம, கடையில என் பக்கமா வந்து நின்னே?"

அவள் தலையாட்டினாள்.

"அப்போ இந்தப் பச்சை இப்படியே இருக்கட்டும்," என்றார் மாஸ்டர்.