ஓர் ஆள் குறைந்த மூலை

கட்சியின் அதிபர் வேட்பாளராகத் தன் ஊர்க்காரர்கள் யாரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று மற்றவர்களுக்கு முன்பே சொல்லிவிடுவது வெண்டெல் ஹாக்கெயின் தொழில். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், தன் ஊர் வானொலியில் மூன்று தேர்தல்களுக்குச் சொன்னான், மூன்றும் பலித்தன. அதன்பிறகு மளிகைக் கடையில்கூட அவனை நிம்மதியாகத் தக்காளி பொறுக்க யாரும் விடவில்லை.

இந்த முறை ஆளுநர் புரூவர் என்றான். செனட்டர் டோலஃப்சனைப் பற்றிக் கேட்டபோது சிரித்தே ஒதுக்கினான். அவனுடைய அக்கா மார்லிஸ் பனிக்காலம் முழுக்க வீடு வீடாகக் கதவு தட்டியது அந்த டோலஃப்சனுக்காகத்தான். வெட்கக்கேடு என்னவென்றால், வெண்டெலுக்கும் அவரைத்தான் பிடிக்கும். பிடிப்பது வேறு, கணிப்பது வேறு என்று நாகரிகமாக ஒரு விளக்கம் வைத்திருந்தான்.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று மாலை பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கட்சிக்காரர்கள் கூடினார்கள். அங்கே வாக்குச்சீட்டு கிடையாது. அவரவர் வேட்பாளரின் மூலையில், எல்லார் கண்ணிலும் படும்படி போய் நிற்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைய வேண்டும். வெண்டெல் தன் கணிப்புக்கு மரியாதை செய்து புரூவர் மூலையில் நின்றான்.

தலை எண்ணினார்கள். டோலஃப்சன் மூலையில் அந்த அளவுக்கு ஓர் ஆள் குறைந்தது. இடம் மாறுகிறவர்கள் மாறலாம் என்றார் கூட்டத் தலைவர்.

மார்லிஸ் பிஸ்கட் டப்பாவோடு கூடத்தைக் கடந்து நேரே தம்பியிடம் வந்தாள்.

"உனக்கு அவரைப் புடிக்கும்டா. என் வீட்டுல வான்கோழி தின்னுக்கிட்டே நீதானே சொன்னே."

"அக்கா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்னுதானே இங்க வந்து நிக்கிறோம்?"

பக்கத்தில் நின்ற பல் மருத்துவர், "போயிடாதப்பா, அப்புறம் உன் பேச்ச யாரு நம்புவா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

வெண்டெல் குனிந்தான். காலணியிலிருந்து பனி உருகித் தரையில் குட்டையாகத் தேங்கியிருந்தது. ஒரு குட்டையை இவ்வளவு அக்கறையாக யாரும் ஆராய்ந்திருக்க மாட்டார்கள். அக்கா டப்பாவைத் திறந்தாள். அப்புறம் அவனுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

நேரம் முடிந்தது. டோலஃப்சன் மூலை கலைந்தது. புரூவர் ஜெயித்தார். வானொலிப் பெண் ஒலிவாங்கியை நீட்டி, இதையும் எப்படிச் சரியாகச் சொன்னீர்கள் என்று கேட்டாள். வேறு மூலைக்குப் போக மனமில்லாத மார்லிஸ் வாசலருகே கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்ம சனங்க மனசு எனக்குத் தெரியும்" என்றான் வெண்டெல்.

கை தட்டினார்கள். உள்ளே இருப்பவர்களுக்குக் குளிரக் கூடாதென்று மார்லிஸ் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். பிஸ்கட் இன்னும் அவன் கையில் இருந்தது.