ஸ்ப்ரே கன்னைக் கழுவாத நாள்

நாற்றத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நாங்கள் குடியிருந்தது சிராங்கூன் ரோட்டை ஒட்டிய கெர்பாவ் ரோட்டில், ஒரு கடைவீட்டின் மாடியறை. பின்பக்கம் மாட்டுக்கொட்டில். வெயில் ஏறினால் ரோச்சோர் கால்வாயின் சேற்று வாடை காற்றோடு வரும். அடுத்த அறைக் கதீஜா பிளாச்சான் என்கிற இறால் விழுதை வறுத்தாளானால் மாடி முழுக்க இருமும். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாததும் இன்றுவரை பொறுக்காததும் ஒன்றே ஒன்றுதான், வாழைப்பழ வாசனை.

சிரிக்காதீர்கள். மோட்டார் கார்களுக்கு அடிக்கிற புதுப் பெயின்ட்டில் கலக்கும் தின்னர் அப்படித்தான் நாறும். கனிந்து, கறுத்து, ஈ மொய்த்த பழத்தைத் தகரடப்பாவில் போட்டு மூடி, ஒரு வாரம் கழித்துத் திறந்தது போல இருக்கும். என் புருஷன் மருதப்பன் வேலை முடிந்து படியேறும்போதே அந்த வாசனை முன்னால் வந்து கதவைத் தட்டும். ஒரு நாள் காளியம்மன் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினார்கள். பழத்தைப் பார்த்ததும் குமட்டிக்கொண்டு தூணோரம் ஓடினேன். பின்னாலேயே வந்த நாலு பெண்கள் "என்ன, விசேஷமா?" என்று முகமெல்லாம் பல்லாகக் கேட்டார்கள். விசேஷமாம், விசேஷம்! அவர்கள் பல்லைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

முன்பெல்லாம் அவர் பிரஷ்ஷால்தான் கார்களுக்குப் பெயின்ட் அடித்தார். ஒரு கார் காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். டாக்சிகள் பெருகிவிட்டன, யாருக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை. பட்டறை முதலாளி அழகப்பன் சீமையிலிருந்து ஒரு ஸ்ப்ரே கன் வரவழைத்தார். காற்று இயந்திரத்தில் மாட்டி விசையை அழுத்தினால் பெயின்ட் புகையாகப் போய்க் காரில் படியும், மதியத்துக்குள் காய்ந்துவிடும். கை நிதானம் உள்ளவர் என்று என் வீட்டுக்காரரிடம் அதைக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி.

அந்தச் சனியனை அவர் தினமும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவார்.

"பட்டறையிலயே கழுவி வச்சிட்டு வர வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"வச்சா? அவனவன் எடுத்துச் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சுட்டு அப்படியே போட்டுட்டுப் போவான். காலையில பார்த்தா ஓட்டைக்குள்ள கல்லு. அப்புறம் துப்பித் துப்பித்தான் அடிக்கும். காரெல்லாம் அம்மை வந்த மூஞ்சி மாதிரி ஆயிடும். மொதலாளி யாரைக் கேப்பாரு? என்னைத்தானே?"

அவர் அதற்குச் செய்த பணிவிடையை இந்த மலாய் தேசத்தில் எந்த மாமியாரும் மருமகளிடம் வாங்கியிருக்க மாட்டாள். பட்டறையிலேயே தின்னரை ஊற்றி, வெறும் தின்னர் வரும்வரை அடித்துவிட்டுத்தான் கிளம்புவார். வீட்டுக்கு வந்ததும் முன்மூடியைக் கழற்றி மூக்குக்குழாயை ஊறப் போடுவார். எதில்? என் அம்மா கொடுத்த பித்தளைத் தம்ளரில்! துவாரத்தைக் கம்பியால் குத்தக் கூடாதாம், ஓட்டை அகண்டு கெட்டுப்போகுமாம். அதனால் என் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவுவார். முழுக் கன்னையும் தின்னரில் முக்கக் கூடாது, உள்ளே இருக்கிற தோல் வாஷர் வறண்டுவிடும். அந்தத் தோலுக்கு ஒரு சொட்டு எண்ணெய், அதுவும் என் போத்தலிலிருந்து. மறுநாள் பெயின்ட்டை வடிகட்டத் துணி வேண்டும் என்று என் பழைய சேலையைக் கிழிப்பார். வடிகட்டாமல் ஊற்றினால் ஒரு சின்னத் திப்பி போதும், அடைத்துக்கொள்ளுமாம். கழுவின அதே விரல்களால் சோற்றைப் பிசைவார். தட்டை வைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொள்வேன்.

ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனுஷனைக் கடித்த கதை அப்புறம்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் துவைக்க எடுத்த துண்டில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ரத்தம் என்று அலறிவிட்டேன்.

"ரத்தமில்லடி. இன்னிக்குச் சிவப்பு வண்டி" என்றார் அவர். மூக்கைச் சிந்தியிருக்கிறார், அவ்வளவுதானாம். "நாளைக்கு நீலம். என்ன கலர் வண்டின்னு இனிமே என் மூக்கைப் பார்த்தே தெரிஞ்சுக்கலாம்."

தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மறுநாள் சொன்னபடியே நீலம். அப்புறம் பச்சை. அந்தத் துண்டுகளைக் குச்சியால் தூக்கித்தான் கொதிநீரில் போட்டேன். மனிதனுக்குச் சளி வரும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மயில் கழுத்து நிறத்தில் வருகிற சளியை எந்தப் பெண்டாட்டி பார்த்திருக்கிறாள்? கொதிக்கிற தண்ணீரில் அந்த நிறம் கரையவில்லை. அப்படியே தோலாக மிதந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அருவருப்போடு பயமும் வந்தது. அவர் மூக்குக்குள், நெஞ்சுக்குள் இது இப்படித்தானே ஒட்டிக்கொண்டிருக்கும்?

கொஞ்ச நாளில் அவருக்கு வாசனையே தெரியாமல் போயிற்று. ஒரு நாள் கோயிலுக்குப் போய்விட்டு வரத் தாமதமாகிவிட்டது. வந்து பார்த்தால், கொட்டுவதற்காக ஒதுக்கி வைத்திருந்த முந்தின நாள் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டு முடித்திருந்தார். நுரை கட்டி, வாசல்படி வரைக்கும் புளித்து நாறிய சாம்பார்.

"சாம்பார் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஒரு இரும்புச் சாமானின் துவாரம் அடைத்துவிடக் கூடாதென்று ஈர்க்கு, எண்ணெய், துணி, தம்ளர். இவருடைய இரண்டு துவாரங்களுக்கு என்ன இருக்கிறது?

மறுநாள் சேலைத்துணியை நாலாய் மடித்து மூக்கும் வாயும் மூடும்படி கட்டிவிட்டேன். போகும்போது முகத்தில் இருந்தது, வரும்போது சட்டைப்பையில் இருந்தது.

"எல்லாப் பயலும் சிரிக்கிறான்டி, கோஷா பொம்பளைன்னு. அந்தப் புழுக்கத்துல மூச்சும் விட முடியல."

சரி, முதலாளியிடமே கேட்டுவிடுவோம் என்று மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பெயின்ட் கொட்டகையின் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. இடுக்குகளில் சாக்கு வேறு திணித்திருந்தார்கள். உள்ளே அந்த இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது, நடுநடுவே அவருடைய இருமல் கேட்டது. முதலாளி அழகப்பன் வெகு தூரத்தில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, ஓடிகொலோன் வாசனைத் தண்ணீரில் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஜன்னலையாவது திறந்து வைக்கச் சொல்லுங்க மொதலாளி" என்றேன்.

"தூசி வந்து ஒட்டிக்கும்மா. ஈரப் பெயின்ட்டுல ஒரு பொட்டுத் தூசி பட்டாலும் மறுபடி மொதல்லேருந்து தேய்க்கணும்."

"அவருக்கு மூக்குல நீலமா வருதுங்க. நெஞ்செல்லாம் அடைச்சுக் கெடக்கு."

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது" என்று கைக்குட்டைக்குள்ளிருந்தே சொன்னார். "ராத்திரி பாலும் வாழைப்பழமும் குடு. உள்ள போனதையெல்லாம் அடிச்சுக்கிட்டு வந்துடும். ஆனா ஒண்ணும்மா, உன் வீட்டுக்காரன் கையில அந்தக் கன்னு ஒரு நாள்கூட அடைச்சதில்ல. அது ஒண்ணு அடைச்சுதுன்னா அவனுக்கு இங்க வேலை கிடையாது. அதையும் அவன் கிட்டச் சொல்லி வை."

வாழைப்பழம் என்ற வார்த்தையிலேயே எனக்கு ஓங்கரித்தது. அந்த வாசனைக் கைக்குட்டையின் மேலேயே வாந்தி எடுத்திருப்பேன், சோற்றுத்தூக்கு கையில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். காருக்குத் தூசி ஆகாது, கன்னுக்குத் திப்பி ஆகாது, முதலாளிக்கு நாற்றம் ஆகாது. என் புருஷனுக்கு மட்டும் எல்லாம் ஆகும். சீ, இவனெல்லாம் ஒரு மனுஷன் என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை உச்சி வெயிலில் அவர் வீட்டுக்கு வந்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, மூச்சு விடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். கையில் கன் இருந்தது. அதன் கிண்ணத்தில் பாதி மிச்சமிருந்தது, வெண்ணெய் நிறப் பெயின்ட். கழுவக்கூட நிற்க முடியாமல் வந்திருக்கிறார்.

"சிவகாமி, அதைக் கொட்டிட்டுத் தின்னர் ஊத்தி அலசு. மூக்கைக் கழட்டி ஊறப் போடு. காஞ்சுடக் கூடாதுடி. திங்கக்கிழமை கல்யாண வண்டி" என்றார். பாயில் விழுந்தவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு எல்லாம் தெரியும். எதைக் கழற்ற வேண்டும், எதை முக்கக் கூடாது, எங்கே ஒரு சொட்டு எண்ணெய் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். தம்ளரை எடுத்தேன், தின்னர் போத்தலின் தக்கையைத் திருகினேன். அந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. பின்னாலிருந்து அவர் மூச்சு, அடைத்த சாக்கடையில் தண்ணீர் இறங்குவது போல் களகளவென்று கேட்டது.

தக்கையை மறுபடியும் மூடிவிட்டேன். கன்னைக் கொண்டுபோய்ப் பின்மாடியில் சிமெண்டுத் தளத்தில், நல்ல வெயிலில் வைத்தேன். கிண்ணத்தின் மூடியைத் திறந்தும் விட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்து, நெல் காயப்போட்டவள் காக்கை ஓட்டுவது போலக் காவல் இருந்தேன். முதலில் மேலே ஆடை படிந்தது. அப்புறம் ஓரங்கள் சுருங்கின. மாலையில் ஈர்க்கை விட்டுப் பார்த்தேன், ஈர்க்கு ஒடிந்தது.

கதீஜா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன காரியம்டி பண்ற? கஞ்சிக்கு என்ன பண்ணப்போற?" என்றாள்.

"கஞ்சி குடிக்க ஆள் இருக்கட்டும் மொதல்ல" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. எழுந்ததும் கன்னைத்தான் தேடினார். நானே எடுத்து வந்து கையில் கொடுத்தேன். விசையை அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. துவாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அந்த மூக்குக்குழாயை வாயில் வைத்து உறிஞ்சப் போனார். என் கைக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ, அதைப் பிடுங்கிச் சுவரோரம் வீசினேன்.

"நான்தான் காய விட்டேன். வேணும்னுதான் விட்டேன். உங்களுக்கு அதுதான் பெண்டாட்டின்னா, போய் அது கூடவே குடும்பம் நடத்துங்க!"

அவர் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அதைப் பொறுக்கி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அதுவும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை வேலை போயிற்று. கொஞ்ச நாளில் பட்டறைக்குப் புது மூக்குக்குழாய் வந்தது, கன் வேறொருவன் கைக்குப் போனது. அவன் பெண்டாட்டி எந்தத் தெருவில் இருக்கிறாளோ, அவள் துண்டுகளை நினைத்தால் எனக்கு இப்போதும் சோறு இறங்காது. இவர் ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்து வீடுகளின் மரச்சட்ட ஜன்னல்களுக்கு வெட்டவெளியில் நின்று பிரஷ்ஷால் பெயின்ட் அடித்தார். கூலி பாதிதான். கதீஜாவிடம் அரிசிக் கைமாற்று வாங்காத வாரம் இல்லை. என்னோடு அவர் பேசவும் இல்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டார், பாய் விரித்தால் படுத்தார். துண்டில் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. இருமல் நின்றது, பேச்சு மட்டும் வரவில்லை. நானும் வீம்புக்குப் பேசவில்லை.

மூன்று மாதமாவது ஓடியிருக்கும். ஒரு நாள் காலையில் பழைய சோறு சாப்பிட உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துப் பின்சந்தில் கக்கூஸ் வாளி எடுக்கிறவன் வந்துவிட்டான். வாளியை மாற்றும்போது எழும்புகிற நாற்றம் படியேறி வந்து அறையை நிறைத்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் ஒரு கவளத்தை உருட்டி வாயருகே கொண்டுபோனார். கை பாதியில் நின்றது. முகம் சுருங்கியது. கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

"சீ! என்ன நாத்தம்டி இது! மனுஷன் எப்படிச் சோறு திங்கிறது? ஜன்னலைச் சாத்து!"

எழுந்து போனேன். ஜன்னலில் ஒரு கதவுதான் திறந்திருந்தது. மற்றதையும் நன்றாகத் திறந்து வைத்தேன்.