தரை தெரியாத கால்

மில் பஸ் ஓட்டுகிறவருக்கு மில்லில் வைத்த பெயர் புளுகுமூட்டை. ஒருமுறை சக்கரம் ஒன்று கழன்று ஓடிவிட, மீதிச் சக்கரங்களுக்கு நல்ல வார்த்தை சொல்லியே பஸ்ஸைக் கொண்டுபோய்ச் சேர்த்தாராம். ஓடிப்போன சக்கரம் முன்னாலேயே வந்து மில் வாசலில் காத்திருந்ததாம். இதை இரண்டு பேர் நம்பினார்கள். அதில் ஒருவர் அவரே.

அப்பேர்ப்பட்டவர் இப்போது ஆஸ்பத்திரி நாற்காலியில், செருப்பைக் கழற்றிவிட்டு, உண்மை பேசுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி ஓட்டலாம் என்று டாக்டரம்மா எழுதித் தந்தால்தான் திங்கட்கிழமை சாவி கைக்கு வரும். எச்.ஐ.வி.க்குப் பதினொரு வருடமாக அந்த டாக்டரம்மாவிடம்தான் மாத்திரை வாங்குகிறார். அந்தச் சங்கதி அவரையும் மனைவியையும் தாண்டிப் போனதில்லை.

"கால் எப்படி இருக்கு?"

"இருக்கற எடத்துலயே இருக்கும்மா."

பக்கத்தில் நின்ற மனைவி விடவில்லை. "போன வாரம் ஒத்தைச் செருப்போட வந்தாரும்மா. மார்க்கெட்லேருந்து வீடு வரைக்கும் ஒரு கால் வெறுங்கால். தெரியவே இல்ல. கேட்டா நாய் தூக்கிட்டுப் போச்சுங்கறாரு."

"நாய் நிஜம்தான்."

"உள்ளங்கால் எரியுதுன்னு ஈரத்துணி சுத்திக்கிறாரே, அது?"

தரை தெரியாது, தீ மட்டும் தெரியும். அந்தக் கால்களின் நியாயம் அவருக்கே பிடிபட்டதில்லை.

"மாத்திரைக்கு வைரஸ் அடங்கிடுச்சு," என்றார் டாக்டரம்மா. "அதுக்கு முன்னாடியே நரம்பைக் கெடுத்து வெச்சிருக்கு. நீளமான நரம்புக்குத்தான் முதல் அடி. அதான் பாதம். கண்ணை மூடுங்க."

இசைக்கவையைத் தட்டி, கால் பெருவிரல் எலும்பில் வைத்தார். அதிர்வு தெரிந்தால் சொல்ல வேண்டும்.

"தெரியுது."

மறு கால்.

"தெரியுதும்மா. நல்லாவே."

மறுபடியும்.

"கணுக்கால் வரைக்கும் ஏறுது. இன்ஜின் மாதிரி."

கண்ணைத் திறந்தார். கவையின் இரண்டு முனையையும் டாக்டரம்மா விரலால் இறுக்கிப் பிடித்திருந்தார். கடைசித் தடவை அதைத் தட்டவே இல்லை.

மனைவி ஜன்னலைப் பார்த்தாள். இதற்கும் ஒரு கதை அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் வேலை முடிந்த களைப்பில் பஸ்ஸில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவரும் நாற்பது பேரும் கூடவே வந்தார்கள். கதையை விழுங்கினார்.

"மூணு மாசமா பிரேக்கைக் கண்ணாலதாம்மா மிதிக்கிறேன். குனிஞ்சு பாத்தாதான் கால் எங்க இருக்குன்னு தெரியுது. நேத்து ஒரு சைக்கிள்காரர். ஒரு சாண்ல தப்பிச்சாரு."

டாக்டரம்மா எழுதினார். "பாதத்துல உணர்ச்சி இல்ல, ஓட்டக் கூடாது. அவ்வளவுதான் எழுதியிருக்கேன். எதனாலன்னு எழுதல. எரிச்சலுக்குத் தனியா மாத்திரை தர்றேன்."

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். "மில்லுல ஏன் ஏன்னு கொடைஞ்சு கேப்பாங்களே. என்ன சொல்லப் போறீங்க?"

நின்று யோசித்தார். ஒன்றும் வரவில்லை.

"நீயே ஒண்ணு சொல்லு. எனக்கு அசதியா இருக்கு."

"சொல்றேன். இப்ப கீழ பாத்து எறங்குங்க, மூணு படி இருக்கு."